நார்பெர்ட் க்ளிமெக்கின் நாற்பத்தொன்பது

என் புருஷன் நார்பெர்ட் க்ளிமெக்கின் பெயர் வெண்ட்லிங் ஊரில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதியிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் உழைத்த சீஸ் ஆலையில் இல்லை. எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில்கூட எங்களுக்கு வீட்டை விற்றுவிட்டுப் போனவனின் பெயர்தான் இன்னும் இருக்கிறது. அதை மாற்று மாற்று என்று சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மார்வ் ஷெஃப்லரின் பாரில், பாட்டில் வரிசைக்கு மேலே, பாடம் செய்து மாட்டிய மீனுக்கும் ஓடாத கடிகாரத்துக்கும் நடுவே ஒரு மரப்பலகை தொங்கும். "ஒரே சீசனில் அதிக ஸ்ட்ரைக்அவுட்: நா. க்ளிமெக், 49, 1974" என்று சிவப்பு எழுத்தில் ஒரே வரி. அவ்வளவுதான் பலகை.

எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் கணக்கை வைத்து மார்வுடைய அப்பா கேலிக்காக எழுதி மாட்டியது அது. மற்ற ஊர்களில் அதிக ஹோம் ரன் அடித்தவனின் பெயரை எழுதி மாட்டுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தி இப்படித்தான் போகும். இத்தனைக்கும் அந்த வருஷம் நார்பெர்ட் பதினோரு ஹோம் ரன் அடித்தார். அதில் ஒன்று வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, லூத்தரன் பாதிரியாரின் புதுக் காருக்குள் கண்ணாடி வழியாகப் போய் உட்கார்ந்தது. அதை யாரும் எழுதி மாட்டவில்லை, ஏனென்றால் முந்தைய வருஷம் வேறொருவன் பன்னிரண்டு அடித்திருந்தான்.

மூன்று முறை மட்டையை வீசியும் பந்து படாமல் ஸ்ட்ரைக்அவுட் ஆகித் திரும்பி வருகிறவனுக்கு அந்தக் காலத்தில் இருந்த மரியாதை, நடுத்தெருவில் கால்சட்டை கழன்று விழுந்தவனுக்கு இருக்கும் மரியாதைதான். இரண்டு ஸ்ட்ரைக், அதாவது இரண்டு தவறல், விழுந்துவிட்டால் பிடியை ஒரு சாண் மேலே ஏற்றிக்கொண்டு, எப்படியாவது பந்தைத் தொட்டுவிட வேண்டும். தொட்டுத் தரையில் உருட்டி அவுட்டானால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எங்கள் அணியில் அந்த வருஷம் நார்பெர்ட்டுக்கு அடுத்தபடியாக ஸ்ட்ரைக்அவுட் வாங்கியவனின் கணக்கு வெறும் பதினான்கு. அதற்கே அவன் வீட்டில் அவனோடு இரண்டு நாள் யாரும் பேசவில்லையாம். நார்பெர்ட் மட்டும் பிடியை ஏற்றவே மாட்டார். மூன்றாவது பந்துக்கும் மரத்தை வெட்டிச் சாய்ப்பது மாதிரி அதே வீச்சுதான் வீசுவார்.

நான் பிறந்து வளர்ந்தது பக்கத்து ஊர் ஓக் க்ரோவில். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எதிரணிக்காரன் ஸ்ட்ரைக்அவுட் ஆகித் திரும்பும்போது அவன் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் மொத்தமும் "இடது! வலது! இடது! வலது!" என்று கத்தும். அவன் பெஞ்சில் உட்கார்ந்த கணத்தில் "உக்காருடா!" என்று ஊரே அதிரும். ஒருநாள் நார்பெர்ட் எங்கள் மைதானத்தில் மூன்றாவது முறையாக ஸ்ட்ரைக்அவுட் ஆனார். இடது, வலது எல்லாம் ஆயிற்று. ஆள் உட்காரவில்லை. உட்கார்ந்தால்தானே கத்துவீர்கள் என்று பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கூட்டமும் விடுவதாக இல்லை. ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்துக்கு இந்தப் பக்கம், கயிற்றுக்கு வெளியே, நான் எலுமிச்சை ஜூஸ் விற்றுக்கொண்டிருந்தேன்.

"உக்காரேன்யா, காலு வலிக்கப் போகுது" என்றேன்.

"உக்காந்தா உங்க ஊர்க்காரங்க கத்துவாங்க."

"கத்திட்டுப் போறாங்க, உனக்கென்ன?"

"நான் உக்கார மாட்டேன். நீ ஒரு கிளாஸ் ஜூஸ் குடு."

ஒரு கிளாஸ் நாலு கிளாஸ் ஆயிற்று. நல்ல வெயில், நானும் பேச்சுக்குச் சளைத்தவள் இல்லை. கடைசியில் மனுஷனுக்கு வேறு அவசரம் வந்துவிட்டது. மைதானத்தின் மூலையிலிருந்த மரக் கழிப்பறைக்கு ஓடினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று "உக்காருடா!" என்று கத்தியது. நான் சிரித்த சிரிப்பில் ஜூஸ் ஜாடியே கவிழ்ந்துவிட்டது. அடுத்த மே மாதம் எங்களுக்குக் கல்யாணம். தேவாலயத்தில் அவர் நடந்து வரும்போது என் தம்பிகள் "இடது, வலது" என்று முணுமுணுத்தார்கள். என் அம்மா திரும்பி ஒரு முறை முறைத்த பிறகுதான் அடங்கினார்கள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தால் இங்கே அவருக்குப் பெயரே காத்தாடி. ஜூலையில் புழுக்கம் தாங்கவில்லை என்றால், "நார்ப்பைக் கூப்பிடுங்கப்பா, நாலு வீச்சு வீசட்டும்" என்பார்கள். வெள்ளிக்கிழமை மார்வ் கடையில் மீன் வறுவல் சாப்பிட ஊரே கூடும். வெளியூரிலிருந்து வந்த எவனாவது பலகையைப் பார்த்துவிட்டு, "க்ளிமெக்னா யாரு?" என்று கேட்பான். மார்வ் கரண்டியால் இவரைக் காட்டுவான். இவர் வாயைத் துடைத்துக்கொண்டு கதையைச் சொல்வார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "அந்தப் பலகையை ஒருநாள் அடுப்புல போடுறேன் பாரு" என்று பொருமுவார். அவர் உண்மையாகத்தான் சொல்கிறார் என்று நானும் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவே ஆட்டமே மாறிவிட்டது. எந்த வருஷம் மாறியது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. டிவியில் பெரிய அணிகளின் ஆட்டத்தைப் பார்க்கும்போதுதான் முதலில் உறைத்தது. ஹோம் ரன் அடிக்கிற ஆள் எல்லாம் ஸ்ட்ரைக்அவுட்டும் ஆகிறான். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது வருஷத்துக்கு நூறு தடவை ஆனாலே பத்திரிகைக்காரன் தோலை உரித்துவிடுவான். இப்போது நூற்றைம்பதைத் தாண்டினவனுக்கு ரசிகர்கள் கையெழுத்துக்கு நிற்கிறார்கள். பந்து வீசுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எங்கள் லீகில் ஒரே ஆள் விடிகாலையில் மாடு கறந்துவிட்டு வந்து ஒன்பது இன்னிங்ஸும் வீசுவான். ஏழாவதில் கை துவண்டுவிடும், அப்போது பார்த்து அடிக்கலாம். இப்போது இன்னிங்ஸுக்கு ஒருவன் புதிதாக வந்து, இருக்கிற உயிரையெல்லாம் கொடுத்து வீசிவிட்டுப் போய்விடுகிறான். எப்படியும் படப்போவதில்லை, பட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் போகட்டும் என்று இவர்களும் சுழற்றுகிறார்கள். வெட்கம் என்ற ஒன்று போயே போய்விட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

எங்கள் ஊருக்கு எதுவும் தாமதமாகத்தான் வரும். நாற்பது ஸ்ட்ரைக்அவுட்டைத் தாண்டின பையன்கள் நடுவில் சிலர் இருந்தார்கள். ஆகஸ்ட் பிறந்ததும் மேனேஜர் இரக்கப்பட்டு அவர்களை வெளியே வைத்துவிடுவார். பலகையில் க்ளிமெக்குக்கு நேர்ந்த கதி எந்தப் பையனுக்கும் நேரக்கூடாதே என்கிற பயம். அதனால்தான் அந்த நாற்பத்தொன்பது நாற்பத்தைந்து வருஷம் அசையாமல் இருந்தது.

2019-இல் புது மேனேஜர் வந்தான். டேரின் என்று பெயர். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரம் படித்தவன். பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பான், அதாவது லேப்டாப்பைப் பார்ப்பான். முதல் நாளே எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னான்:

"ஸ்ட்ரைக்அவுட்டும் ஒரு அவுட்டுதான், தரையில உருட்டி அவுட்டானாலும் ஒரு அவுட்டுதான். இதுல அவமானம் எங்கேர்ந்து வந்துச்சு?"

பின்வரிசையில் நின்றிருந்த நார்பெர்ட், "எனக்கு வந்துச்சே" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

இவர் ஏன் அங்கே நின்றார் என்றால், ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அம்பயராகிவிட்டார். எங்கள் கவுன்ட்டியில் அம்பயருக்கு அப்படி ஒரு பஞ்சம். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று ஆளாளுக்குத் திட்டுவதைக் கேட்க எவன் வருவான்? சொந்த ஊர் ஆட்டத்துக்குச் சொந்த ஊர்க்காரனே தீர்ப்பு சொல்வதை இங்கே ஒருவரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆள் கிடைத்ததே பெரிது. இவர் அம்பயராக நின்றால் பந்து வீசுகிறவனுக்குக் கொண்டாட்டம்தான். விதிப்படி முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, தரையில் பதித்த வெள்ளைத் தட்டுக்கு மேலே வந்தால்தான், அடிக்காமல் விட்ட பந்து ஸ்ட்ரைக்; இல்லையென்றால் வெளிப்பந்து. நார்பெர்ட்டின் கணக்கில் தொப்பிக்கும் பூட்ஸுக்கும் நடுவே எங்கே வந்தாலும் ஸ்ட்ரைக். நாலு வெளிப்பந்து வாங்கிக்கொண்டு, அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "மட்டையை எதுக்குத் தூக்கிட்டு வந்தே, முதுகு சொறியவா?" என்று முகமூடிக்குள்ளிருந்து கேட்பார்.

அந்தக் கோடையில்தான் ப்ரெக்கன் ஜாஸ்ட்ரோ என்ற ஆள் கிளம்பினான். பால் டேங்கர் ஓட்டுகிறவன். தாடியும் உடம்புமாக, மார்வ் கடைக் கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவான். பந்து மட்டையில் பட்டால் பக்கத்துப் பண்ணைக்காரன்தான் தேடிக் கொண்டுவந்து தர வேண்டும். படாவிட்டால், நாலு முறைக்கு இரண்டு முறை படாது, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து சூரியகாந்தி விதையைக் கொறிப்பான்.

"சிரிக்கிறான் பாரு" என்பார் நார்பெர்ட் வீட்டுக்கு வந்து. "மூணு தடவை காத்தை அடிச்சுட்டுச் சிரிக்கிறான். நானெல்லாம் அன்னிக்கு ராத்திரி சாப்பிட மாட்டேன்."

"சாப்பிடாம இருந்தா மட்டும் பந்து பட்டுச்சா?" என்று கேட்டேன்.

ஜூலைக் கடைசியில் ப்ரெக்கனின் கணக்கு முப்பத்தாறு ஆகியிருந்தது. டேரின் அவனை உட்கார வைக்கிற மாதிரித் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கடையில் மார்வ் எல்லார் முன்னாலும் கையைத் தட்டினான்.

"நார்ப், உனக்கு விடுதலை வரப்போகுதுப்பா! நாப்பத்தஞ்சு வருஷம் சிலுவை சுமந்துட்டே. அம்பதாவது விழுந்த அன்னிக்குக் கேக் வெட்டி, உன் கையாலேயே பலகையை இறக்கறோம்."

"இறக்கு இறக்கு, சனியன் ஒழியட்டும்" என்று நார்பெர்ட் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ப்ரெக்கன் வந்து பெரிய கையால் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "மிஸ்டர் க்ளிமெக், உங்க இடத்துக்கு நான் வந்தா தப்பா நினைக்க மாட்டீங்கல்ல?" என்றான். நல்ல பையன், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் நார்பெர்ட்டின் தட்டைப் பார்த்தேன். பாதி மீன் அப்படியே கிடந்தது. மார்வ் கடை மீனை மிச்சம் வைத்து அந்த மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து ஆரம்பித்தது கூத்து. மற்ற எல்லாருக்கும் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை ஸ்ட்ரைக். ப்ரெக்கன் வந்து நின்றால் மட்டும் அந்த எல்லை தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். அவன் மட்டையை வீசித் தவறினால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வீசாமல் விட்டான் என்றால் எது வந்தாலும் வெளிப்பந்து. எதிரணியில் பந்து வீசிய பையன் ஒருவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தட்டுக்கே நடந்து வந்தான்.

"ஐயா, அது எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"வெளிய போச்சு."

"எந்தப் பக்கம் வெளிய?"

"எல்லாப் பக்கமும்தான். போய் ஒழுங்கா வீசு" என்றார் என் புருஷன்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பலகையை வைத்துக்கொள்ள ஒருவன் ஆசைப்படுவான் என்பதே யாருக்கும் தோன்றாத விஷயம். டேரினுக்குத்தான் ஏக சந்தோஷம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம்கூடக் காட்டினான். "இந்தக் கோட்டைப் பாருங்க, மிஸஸ் க்ளிமெக். ப்ரெக்கன் முன்னெல்லாம் வெளிப்பந்துல நடக்கவே மாட்டான். இப்ப ஆட்டத்துக்கு ரெண்டு தடவை நடக்குறான். கண்ணு பழகிடுச்சு!" ப்ரெக்கனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "மூணு வெளிப்பந்து விழுந்துடுச்சுன்னா நீ மட்டையை வீசவே வீசாதே. உன் கண்ணை நம்பு." வெளியூர் ஆட்டங்களில் மட்டும் அந்தக் கண் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். அங்கே வெயில் எதிரே அடிக்கிறது என்றான். அங்கே வேறு அம்பயர் நிற்கிறான் என்று லேப்டாப்பில் எழுதியிருக்கவில்லை போலும்.

வெளியூரில் விழுந்து விழுந்தே ப்ரெக்கன் நாற்பத்தொன்பதைத் தொட்டுவிட்டான். மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். எங்கள் மைதானத்தில், ஓக் க்ரோவுக்கு எதிராக. அம்பயர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் சோளம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து உரிக்க உதவுகிற சாக்கில் ஒரே கதிரைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

"நார்ப், போன வாரம் அந்த ஏழாவது இன்னிங்ஸ் பந்து எப்படி வெளிப்பந்து ஆச்சு?"

"கொஞ்சம் கீழ வந்துச்சு."

"கீழயா? அந்தப் பையன் தொப்புளுக்கு நேரா வந்துச்சு! மூணாவது வரிசையில கண்ணாடி போடாம உக்காந்திருந்த எனக்கே தெரிஞ்சுது."

"லவோன், நீ அம்பயர் இல்ல."

"நீயும் இல்ல. நீ ஒரு ஃபிராடு." அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனால் ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "அடுப்புல போடுறேன், அடுப்புல போடுறேன்னு இத்தனை வருஷம் என் உயிரை வாங்கினியே. இப்ப அவனவன் இறக்கித் தர்றேங்கறான், உனக்கு என்ன வந்துச்சு?"

கையிலிருந்த கதிரின் நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். பிறகு கதிரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆலையில முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன். சீஸ் எப்படி உறையுதுன்னு ஒருத்தனாவது வந்து என்னைக் கேட்டிருக்கானா? நானாப் போய் யார்கிட்டயும் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். அந்தப் பலகையைப் பாத்துட்டுத்தான் ஜனங்க என் பக்கம் திரும்புறாங்க. யாருன்னு கேக்கறாங்க. நான் சொல்றேன், சிரிக்கறாங்க. அது போயிடுச்சுன்னா நான் ஓரத்துல உக்காந்து மீன் திங்கிற ஒரு கிழவன். அவ்வளவுதான்."

"ரெண்டாவதா உன் பேரை எழுதச் சொல்லலாமே."

"ரெண்டாவதா ஸ்ட்ரைக்அவுட் ஆனவனை எவன் எழுதுவான்?"

அவர் சொன்னது சரிதான். நான் கதிரை முறித்துச் சட்டியில் போட்டேன். "இதெல்லாம் சரி. ஆனா எதிர்ல பந்து வீசற பையனும் ஒரு அம்மா பெத்த பிள்ளைதானே? அவன் ஸ்ட்ரைக் போட்டா அது ஸ்ட்ரைக். நாளைக்குக் கண்ணைத் திறந்து நில்லு, இல்லேன்னா நிக்காதே. வேற ஆளைப் பாத்துக்கட்டும்" என்றேன். வேறு ஆள் இல்லை என்று அவர் சொன்னார். அதுவும் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமான கூட்டம். மார்வ் கேக்கையே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். வெயிலில் கிரீம் உருகாமல் இருக்க அதன் பக்கத்தில் ஐஸ் வாளி வைத்து, ஒருவன் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். ப்ரெக்கன் முதல் முறை வந்தபோது உயரே தூக்கிக் கொடுத்து அவுட். இரண்டாவது முறை ஹோம் ரன். பந்து எங்கே விழுந்தது என்று இன்னும் தகவல் இல்லை. மூன்றாவது முறையும் தூக்கிக் கொடுத்தான். எதற்கும் அம்பயர் வாயைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. இப்படியே முடிந்தால் நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது, பலகை இருந்த இடத்தில் இருக்கும், யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். முதல் ஆளாக ப்ரெக்கன் வந்து நின்றான். ஓக் க்ரோவின் பந்து வீசுகிறவன் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஆள். முதல் பந்துக்கு ப்ரெக்கன் மட்டையை வீசித் தவறவிட்டான். இரண்டாவது தூரமாகப் போயிற்று, வெளிப்பந்து. மூன்றாவதையும் வீசித் தவறவிட்டான். கூட்டம் எழுந்து நின்றது. மார்வ் மெழுகுவத்தியைத் தேட ஆரம்பித்தான். அடுத்த இரண்டும் நிஜமாகவே வெளியே போயின. ஒன்று பின்பக்க வலையிலேயே போய் இடித்தது. மூன்று வெளிப்பந்து, இரண்டு ஸ்ட்ரைக். பெஞ்சிலிருந்து டேரின் லேப்டாப்பை மூடிவிட்டு, வீசாதே, வீசாதே என்று இரண்டு கையாலும் காட்டினான்.

பந்து வந்தது. அவ்வளவு நேரான பந்தை நான் பார்த்ததில்லை. தட்டுக்கு நட்ட நடுவே, இடுப்பு உயரத்தில், அவசரமே இல்லாமல் வந்தது. என் தம்பி பேரன்கூட அடித்திருப்பான். ப்ரெக்கன் அசையவில்லை. ஒரு மாதமாக இந்த அம்பயரிடம் பழகின பழக்கம். விட்டுவிட்டால் வெளிப்பந்து என்று முழு நம்பிக்கை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே முதல் தளத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான்.

நார்பெர்ட் குனிந்தபடியே இருந்தார். வாயைத் திறக்கவில்லை. ப்ரெக்கன் பாதித் தூரம் போய்விட்டான். முந்தின நாள் அந்த மனுஷனை ஃபிராடு என்று திட்டினவள் நான். இப்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? வெளியே என்று சொல்லு, நார்ப். ஒரே ஒரு தடவை, எனக்காகச் சொல்லித் தொலை. அந்த ஒல்லிப் பையனுக்கு நான் சாயங்காலம் ஒரு கேக் செய்து கொடுத்துவிடுகிறேன். இதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்தார். வலது கையைத் தூக்கினார்.

"ஸ்ட்ரைக் மூணு! அவுட்டு!"

குரல் நடுவில் உடைந்துவிட்டது. ப்ரெக்கன் திரும்பிப் பார்த்து, "மிஸ்டர் க்ளிமெக்?" என்று மட்டும் கேட்டான். கூட்டம் ஓவென்று கத்துவதற்கு வாயைத் திறந்தது. அதற்குள் நான் எழுந்துவிட்டேன். எப்படி வரிசையைத் தாண்டினேன், யார் காலை மிதித்தேன், ஒன்றும் தெரியாது. வலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றேன்.

"யோவ் அம்பயர்! கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? அது வெளிப்பந்துய்யா! சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

மைதானமே வாயடைத்துப் போயிற்று. பந்து வீசின பையன் தன் கையையே பார்த்துக்கொண்டான். நார்பெர்ட் முகமூடியைக் கழற்றிவிட்டு வலைக்குப் பக்கத்தில் வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"லவோன், அது ஸ்ட்ரைக்."

"நீ சொன்னா ஆச்சா?"

"நான்தான் அம்பயர். நான் சொன்னாத்தான் ஆச்சு."

"தீர்ப்பை மாத்து."

"மாத்த முடியாது."

"அப்ப வீட்டுப் பக்கம் வராதே! குருட்டு அம்பயருக்கெல்லாம் என்னால வடிச்சுக் கொட்ட முடியாது! ஏமாத்துக்காரா! ஓக் க்ரோவ்காரன் எவ்வளவு குடுத்தான் உனக்கு?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. எங்கள் லீகில் அம்பயரைக் குருடன் எனலாம், கழுதை எனலாம், காசு வாங்கினான் என்று மட்டும் சொல்லக்கூடாது. நார்பெர்ட் பெருமூச்சு விட்டார். பிறகு ஊர் பார்க்க, கையை நீட்டி, கட்டைவிரலால் வாசல் கேட்டைக் காட்டினார். கட்டின பொண்டாட்டியை மைதானத்தை விட்டே வெளியேற்றிவிட்டார். அப்போது எழுந்த சிரிப்பும் கைத்தட்டலும் ப்ரெக்கனின் எந்த ஹோம் ரனுக்கும் எழுந்ததில்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, கேக்கைத் தாண்டி, கேட்டைத் தாண்டிப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மிச்சமிருந்த இரண்டு பேரும் ஸ்ட்ரைக்அவுட் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆட்டம் தோற்றுவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து பக்கத்து இருக்கையில் ஏறினார். முகமூடியை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அது ஸ்ட்ரைக்தான்" என்றார்.

"தெரியும். எனக்குக் கண்ணு இல்லையா?"

"நட்ட நடுவுல வந்துச்சு."

"நட்ட நடுவுலதான் வந்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

"பின்ன எதுக்கு அப்படிக் கத்தினே?"

நான் சாவியைப் போட்டேன். "மார்வ் கடைக்கா, வீட்டுக்கா?"

"கடைக்குத்தான். பலகையை இறக்கறப்ப நான் இருக்கணும், நான்தான் இறக்கறதாச் சொல்லியிருக்கேன்."

வண்டி தேவாலயத்தைத் தாண்டி, பெட்ரோல் பங்கைத் தாண்டிப் போயிற்று. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஆடினப்ப எத்தனை தப்பான ஸ்ட்ரைக் குடுத்திருக்காங்க தெரியுமா, லவோன்?" என்றார். "மண்ணுல பட்டு வந்ததுக்கெல்லாம் குடுத்தாங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன், எனக்காக எழுந்து அம்பயரைக் கேட்டதில்ல. இன்னிக்கு நீ கேட்டே. அதுவும் சரியா விழுந்த ஸ்ட்ரைக்குக்கு."

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும், அழுதால் எனக்குச் சாலை தெரியாது. கடை வரும்வரை அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஓட்டினேன்.